மண் பார்க்காத முதுகு

எங்கள் புருலின் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டபோது என் கையில் பால் வாளி இருந்தது. மார்ச் மாதம், பனி இன்னும் உருகவில்லை. என் கொழுந்தன் ஜுமாகாதிர் தொழுவத்து வாசலில் வந்து நின்று, நாலாவதும் பெண் என்றான். பெயர் என்ன என்று கேட்டேன். புருல் என்றான். எங்கள் பேச்சில் திரும்பு என்று அர்த்தம். பெண்ணாகவே பிறந்துகொண்டிருக்கும் வீட்டில் அப்படிப் பெயர் வைத்தால் அடுத்தது ஆணாகத் திரும்பும் என்பார்கள். என் மாமியார் வழியில் அதற்கு முன்பே இரண்டு புருல்கள் உண்டு. ஒருத்திக்குப் பின்னால் வரிசையாக மூன்று ஆண் பிறந்தது. இன்னொருத்திக்குப் பின்னால் ஒன்றுமே பிறக்கவில்லை. ஜுமாகாதிர் வீட்டில் இரண்டாவது கதைதான் நடந்தது.

அவனுக்கு ஆண் பிள்ளை வேண்டியிருந்தது சொத்துக்காக இல்லை, கச்சைக்காக. எங்கள் அத்பாஷிப் பக்கத்தில் மல்லு என்றால் கச்சை மல்லுதான். இருவரும் ஒருவர் இடுப்புக் கச்சையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள், கையை விடக்கூடாது, யார் முதுகு முதலில் மண்ணில் படுகிறதோ அவர் தோற்றார். அத்தோடு முடிந்தது. வென்றவர் கை கொடுத்துத் தோற்றவரைத் தூக்கிவிட்டு, முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிடுவார். என் மாமனார் சகின்பாய், அவருடைய தகப்பனார் தோரோன்பெக், பிறகு ஜுமாகாதிர் என்று மூன்று தலைமுறையில் யாருக்குமே அந்த வீட்டுப் பயில்வானின் முதுகைத் தட்டிவிட நேரவில்லை. விருந்துகளில் ஜுமாகாதிர் அதைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டான். "மண்ணு எங்க வீட்டு முதுகைப் பார்த்ததில்ல."

என் கணவரும் அதே வீட்டுப் பிள்ளைதான், ஜுமாகாதிருக்கு மூத்தவர். பத்தொன்பது வயதில் ஓர் ஆட்டிடையன் அவரைப் புரட்டிப் போட்டான். அன்றிலிருந்து அந்த வாக்கியத்தில் அவர் கிடையாது. விருந்துக்குப் போனால் குதிரைகளைக் கட்டும் பக்கம் நின்றுகொள்வார். யாரும் போ என்று சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. நாற்பது வருடம் அப்படியே நின்றுவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

புருலுக்கு ஆறு வயதானபோது ஜுமாகாதிர் காத்திருந்து அலுத்து அவள் இடுப்பிலேயே கச்சையைக் கட்டிவிட்டான். பதினைந்து வயதில் அவள் கல்யாண விருந்துகளில் மாப்பிள்ளை வீட்டுப் பையன்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். மகளிர் போட்டிகள் வந்தபோது பரிசு ஆட்டுக்கிடாய் ஆட்டுக்கிடாயாக வீட்டுக்கு வந்தது. ஒவ்வொரு போட்டிக்கு முன்னாலும் அவள் தகப்பன் முன்னால் போய்க் கையேந்தி நிற்பாள். அவன் உள்ளங்கைகளை விரித்து ஆசி சொல்வான். இருவரும் முகத்தைத் தடவிக்கொள்வார்கள். ஆசி வாங்காமல் எங்களில் யாரும் மல்லுக்குப் போனதில்லை. மந்தைகூட மலைக்கு ஏறாது.

இருபது வயதில் தையல் வேலைக்குத் தலைநகரம் பிஷ்கெக் போனாள். பட்டறைக்குக் கீழே, அதே கட்டடத்தில், ஒரு கூடம். அங்கே பிள்ளைகள் கையுறை மாட்டிக்கொண்டு அடித்துக்கொள்வார்கள், உதைத்துக்கொள்வார்கள், கீழே தள்ளிக் கழுத்தை நெரிப்பார்கள். எம்.எம்.ஏ என்று ஒரு பெயர். எங்கள் ஊரில் கூண்டுச் சண்டை என்று சொன்னோம், கம்பி வலைக்குள்ளே நடப்பதால். புருல் ஒருநாள் எட்டிப் பார்த்தாள். மறுவாரம் உள்ளே போய்விட்டாள்.

பயிற்சியாளர் எர்மெக் நல்ல மனிதர், காது இரண்டும் நசுங்கி உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். மூன்று மாதம் கழித்து அவளைக் கூப்பிட்டு, அடி வருகிறது, உதை வருகிறது, பிடிவித்தையில் எதை எடுக்கப்போகிறாய் என்று கேட்டிருக்கிறார். ஃப்ரீஸ்டைல் மல்யுத்தம் இருக்கிறது, சட்டையைப் பிடித்து ஆடும் சாம்போ இருக்கிறது, தரையில் கிடந்து பின்னிக்கொள்ளும் ஜியு-ஜிட்சு இருக்கிறது. எனக்குத்தான் கச்சை இருக்கிறதே என்றிருக்கிறாள் இவள்.

"கூண்டுக்குள்ள எவளும் கச்சை கட்டிக்கிட்டு வரமாட்டா பொண்ணு," என்றாராம் எர்மெக். "உன் மல்லு முடியற இடத்துலதான் இந்தச் சண்டை ஆரம்பிக்குது."

அவள் தகப்பனுக்குப் போன் போட்டுக் கேட்டாள். அவன் யோசிக்கவே இல்லை. "நிக்கத் தெரிஞ்சவளுக்குப் படுக்கிற பாடம் எதுக்கு? விழறவங்க படிக்கட்டும்." நான் பக்கத்தில்தான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆகவே அவள் எதையும் எடுக்கவில்லை.

அக்டோபரில் முதல் சண்டை, நாரின் நகரத்து விளையாட்டு அரங்கில். ஜுமாகாதிர் ஆசி கொடுத்தான். ஒரு வேன் நிறைய நாங்கள் போனோம். வழியெல்லாம் பக்கத்து வீட்டு அசான் கிழவர் வாயை மூடவில்லை. "ஜுமாகாதிர், உன் மவ தூக்கிப் போட்டா அந்தப் பொண்ணு கூண்டுக்கு மேல போயிடுவா. கூரையைப் பத்திரமா பார்த்துக்கச் சொல்லு." அவன் சிரிக்காத மாதிரி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தான். மீசை மட்டும் சிரித்தது.

எதிரே நின்றவள் ஓஷ் ஊர்க்காரி, ஹிலோலா என்று பெயர். ஒல்லியான உஸ்பெக் பெண், சடையை மண்டையோடு சேர்த்துப் பின்னியிருந்தாள். பார்த்தால் பாவமாக இருந்தது. மணி அடித்தது. இரண்டு குத்து வாங்கிக்கொண்டே புருல் நேரே நெருங்கிப் போனாள், கச்சை இல்லாத இடுப்பில் இரண்டு கையையும் பின்னால் கோத்துப் பூட்டினாள், தூக்கினாள், திருப்பினாள், போட்டாள். முதுகு தரையில் விழுந்த சத்தம் எங்கள் வரிசை வரைக்கும் கேட்டது. நாங்கள் எல்லாரும் எழுந்துவிட்டோம். ஜுமாகாதிர் வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தான். அது இன்னும் கீழே வந்து சேரவில்லை.

புருல் நிமிர்ந்து நின்றாள். ஆறு வயதிலிருந்து செய்ததைச் செய்தாள். குனிந்து, விழுந்தவளுக்கு வலது கையைக் கொடுத்தாள்.

ஹிலோலா அந்தக் கையைப் பிடித்தாள். தூக்கிவிடத்தான் பிடிக்கிறாள் என்று நினைத்தேன். அவளுடைய இடுப்பு தரையைவிட்டு எழும்பியது, ஒரு கால் புருலின் நெஞ்சுக்குக் குறுக்கே போனது, இன்னொரு கால் முகத்துக்கு மேலே போனது, இருவரும் சரிந்தார்கள், எங்கள் பெண்ணின் கை ஒரு விறகு மாதிரி நீட்டிக் கிடந்தது. வலித்தால் தரையைத் தட்டினால் போதும், விட்டுவிடுவார்கள். அதை எர்மெக் சொல்லிக் கொடுத்துத்தான் இருந்தார். அவள் தட்டவில்லை. அவள் நடுவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்துபோன சண்டையை அவர் ஏன் இன்னும் முடிந்தது என்று சொல்லவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

காய்ந்த கிளையை முழங்காலில் வைத்து ஒடித்தால் வருமே, அந்தச் சத்தம்.

எழுபத்தொரு வயதில் நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். வெள்ளத்தில் மந்தை போனதைப் பார்த்திருக்கிறேன். அரங்கு நிறைய ஆட்கள் அப்படி வாயடைத்து நின்றதைப் பார்த்ததில்லை. நடுவர் குறுக்கே விழுந்து பிரித்தார். ஹிலோலாவின் கையைத் தூக்கிக் காட்டினார்கள். ஜுமாகாதிர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அவ விழுந்துட்டா, அவ முதல்லயே விழுந்துட்டா, முதுகு பட்டுச்சு," என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். கத்தவில்லை. வழி கேட்கிறவன் மாதிரிச் சொன்னான்.

முழங்கை பிசகி, எலும்பில் கீறல், ஆறு வாரம் கட்டு. ஜுமாகாதிர் நாலு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போட்டி நடத்தியவரிடம் போனான். கோட்டு போட்ட இளைஞர் அவர். மரியாதையாகத் தேநீர் கொடுத்து, சட்டப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்துக் காட்டியிருக்கிறார். கண்ணில் விரல் விடக்கூடாது, கடிக்கக்கூடாது, முடியைப் பிடிக்கக்கூடாது. எல்லாம் இருந்தது. "முதுகைப் பத்தி ஒரு வரி இல்லாத சட்டம் என்ன சட்டம் தம்பி?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தான். ஊரில் எல்லாரும் ஹிலோலாவைக் கைகொடுத்த கையை ஒடித்தவள் என்றுதான் சொன்னோம். நானும் சொன்னேன். கட்டுப் பிரித்தபோது முழங்கை முழுதாக நீளவில்லை. புருல் குளிர்காலம் முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு பிஷ்கெக் போய்விட்டாள்.

இனிமேல் கச்சைக்குத் திரும்பிவிடுவாள் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். அவளோ எர்மெக் சொன்ன மூன்றையும் ஒரே வாரத்தில் தொட்டுப் பார்த்திருக்கிறாள். எனக்குப் பிற்பாடு சொன்னாள். முதலில் ஃப்ரீஸ்டைல் கூடத்துக்குப் போனாள். அங்கே வந்தவர்களையெல்லாம் தூக்கிப் போட்டாள், பயிற்சியாளர் நாட்டு அணிக்கே சொல்லி அனுப்புகிறேன் என்றார். அப்புறம் சாம்போ. அங்கே போடும் தடிச் சட்டையைக் கண்டதும் கை தானாகப் போய்ப் பிடித்துக்கொண்டது, வீட்டு வழி தெரிந்த குதிரை மாதிரி. ஆனால் கூண்டுக்குள்ளே யார் சட்டை போடுகிறார்கள்? கடைசியாக ஜியு-ஜிட்சு கூடம். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண், இவள் தோளுக்குக்கூட வரமாட்டாள், பத்து நிமிடத்தில் ஐந்து முறை இவளைப் பூட்டிவிட்டாள். ஐந்து முறையும் தரையைத் தட்டினாளாம் புருல்.

"மத்த ரெண்டு இடத்துலயும் கை தட்டினாங்க பெரியம்மா. கை தட்டின இடத்துல எனக்குப் படிக்க என்ன இருக்கு? வீட்டுல மாவு இருக்கிறவ மாவு வாங்கவா சந்தைக்குப் போவா?"

அந்தக் கூடத்தில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவள் ஹிலோலா.

மே மாதம் ஒரு மத்தியானம் வாசலில் பழைய கார் வந்து நின்றது. புருல் இறங்கினாள். ஓட்டிவந்தவள் இறங்கினாள். என் ஓரகத்தி காலிபா தேநீர்க் கெண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். சடையை மண்டையோடு பின்னிய அதே பெண். கையில் துணியில் சுற்றிய எட்டு ரொட்டி, ஓஷ் ரொட்டி, இன்னும் சூடு ஆறாதது போல நெய் வாசனை. பிஷ்கெக் சந்தையில் அவளுக்கு ரொட்டிக் கடை இருக்கிறதாம். ரொட்டியோடு வந்தவரை வாசலில் நிறுத்த முடியுமா? ஜுமாகாதிர் எழுந்து வந்தான். மகளின் கையை ஒடித்தவளைப் பார்த்தான். வலது கையை நெஞ்சில் வைத்து, உள்ளே வாம்மா என்றான். அதைச் சொல்வதற்குள் அவன் கழுத்து நரம்பெல்லாம் புடைத்துவிட்டது.

கிடாய் வெட்டினார்கள். விரிப்பைப் போட்டு உட்கார்ந்தோம். ஹிலோலா முதல் வாய் சாப்பிடுவதற்கு முன்னாலேயே பேசிவிட்டாள்.

"மாமா, அவ தட்டுவான்னு காத்திருந்தேன். தட்டலை. நடுவரும் வரலை. நானா விட்டிருக்கணும். அது என் தப்பு, அதைச் சொல்லத்தான் வந்தேன்."

ஜுமாகாதிர் இறைச்சியை வெட்டிக்கொண்டே இருந்தான். அவளை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டான்.

"அவ உன்னைப் போட்டா. முதுகு பட்டுச்சு. உனக்கு வெட்கமா இல்லையா?"

"மூச்சு நின்னுபோச்சு மாமா, வெட்கப்பட எங்க நேரம்? ஆனா கை காலெல்லாம் சும்மாதானே கிடந்துச்சு. வேலை கொடுத்தேன்."

காலிபாவுக்குச் சிரிப்பு வந்து, இருமல் மாதிரி மறைத்துக்கொண்டாள். அந்த நொடியில் ஒரு வழி திறந்த மாதிரி எனக்கே தோன்றியது. அத்தோடு புருல் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அவள் தகப்பன் பிள்ளை.

"அப்பா, நான் ஜியு-ஜிட்சுதான் எடுத்திருக்கேன். இவகிட்டத்தான் படிக்கிறேன். ரெண்டு மாசமாச்சு."

அது என்ன வித்தை என்று அவன் கேட்டான். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டான். சொன்னால் புரியாது, காட்டுகிறேன் என்றாள். விரிப்புக்கு அந்தப் பக்கம், கம்பளத்தில், தகப்பன் முன்னால், விருந்தாளி முன்னால், மல்லாந்து படுத்தாள். இரண்டு காலையும் தூக்கினாள். ஹிலோலா வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். இவள் பார்க்கவில்லை. "இப்படித்தாம்ப்பா ஆரம்பிக்கணும். முதல் பாடமே இதான். கீழ கிடந்துக்கிட்டு..."

ரொட்டி விரிப்புக்கு நேராகக் கால் நீட்டுவதை எங்கள் வீடுகளில் சின்னக் குழந்தைகூடச் செய்யாது. ஆனால் அவன் அந்தக் காலைப் பார்க்கவில்லை. கம்பளத்தில் படிந்திருந்த முதுகைத்தான் பார்த்தான். யாரும் தள்ளாமல், யாரும் தூக்கிப் போடாமல், தானாகப் போய்ப் படிந்த முதுகு. அவன் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போயிற்றோ, சாம்பல் மாதிரி ஆகிவிட்டது. நானும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். அந்தப் பெண் எங்கள் முன்னால் துணியை அவிழ்த்துவிட்டாற்போல இருந்தது எனக்கு.

அவன் விருந்தாளிக்கு வெட்ட வேண்டியதை வெட்டி முடித்தான். நல்ல துண்டை எடுத்து ஹிலோலாவின் தட்டில் இரண்டு கையாலும் வைத்தான். கத்தியைத் துடைத்தான். பிறகுதான் பேசினான்.

"கை ஒடஞ்சா கட்டலாம். நீயா போய்ப் படுத்துக்கிட்டா நான் எதைக் கட்டறது? போ, படி. ஆனா ஆசின்னு கையை ஏந்திக்கிட்டு என் முன்னால வராதே."

சுவரில் ஆணியில் தொங்கிய அவளுடைய கச்சையை எடுத்தான். பெட்டியில் வைத்துப் பூட்டினான். சாவியை ஜோட்டுக்குள் போட்டுக்கொண்டு குதிரைகளைப் பார்க்கப் போய்விட்டான்.

அந்தக் கோடை முழுக்க அவள் தாய்க்கு மட்டும் போன் செய்வாள். அவன் அதே அறையில்தான் இருப்பான், எழுந்து போகமாட்டான், பேசவும் மாட்டான். நவம்பரில் அடுத்த சண்டை, அதே நாரின் அரங்கம் என்று தெரிந்தது. அவளுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான், தோற்பதோ கை மறுபடி ஒடிவதோ அல்ல, ஆசி. காலிபா தானே ஆசி தருவதாகச் சொன்னாள். நானும் சொன்னேன், வயதான பொம்பளை ஆசியும் ஆசிதான்.

"வேணாம் பெரியம்மா. அப்பா உசிரோட இருக்கிறப்ப வேற கையில வாங்கினா அது திருட்டு. வெறுங்கையோடயே போறேன்."

ஆசி இல்லாமல் கூண்டுக்குள் போகிறேன் என்று ஒரு பெண் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னது எனக்கு இரண்டு நாள் காதிலேயே நின்றது.

இந்த முறை வேனில் பாதி இருக்கை காலி. அசான் கிழவர் வந்தார், வாயைத் திறக்கவில்லை. ஜுமாகாதிர் வரமாட்டேன் என்றுவிட்டான், மேல் மேய்ச்சலில் ஒரு குதிரை நொண்டுகிறதாம். அரங்கில் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும், காலிபா முழங்கையால் என்னை இடித்தாள். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், தொப்பியைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு ஒருவன். வேறு வண்டி பிடித்து வந்திருக்கிறான். பார்க்காத மாதிரி இருந்துவிட்டோம்.

எதிரே தலாஸ் ஊர்ப் பெண், நல்ல கட்டுமஸ்து. முதல் சுற்றில் புருல் நின்றுகொண்டேதான் ஆடினாள். வலது கையை ஒட்டி வைத்திருந்தாள். இரண்டு பேருக்கும் சரிசமம். கச்சைப் பிடி மாதிரி ஒரு பிடி கிடைத்தபோது எங்கள் ஆட்கள் மூச்சைப் பிடித்தார்கள், தூக்கிவிடுவாள் என்று. தூக்கவில்லை.

இரண்டாவது சுற்றில் அந்தப் பெண் முன்னால் பாய்ந்தாள். புருல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு சாய்ந்தாள். நாற்காலியில் சாய்கிற மாதிரி, அவ்வளவு நிதானமாக. முதுகு படிந்தது. தலாஸ் பெண் மேலே ஏறி உட்கார்ந்து குத்த ஆரம்பித்தாள்.

எங்கள் வரிசையில் ஆண்கள் எல்லாரும் தங்கள் ஜோட்டைப் பார்த்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். ஜுமாகாதிர் எழுந்து நின்றிருந்தான். தொப்பியைக் கழற்றினான், மறுபடி வைத்தான், கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனான். அவன் நடந்த விதத்தைப் பார்த்ததும் என்னால் உட்கார முடியவில்லை. என் கணவர் அந்த ஆட்டிடையனிடம் விழுந்த அன்றைக்கு மைதானத்தைவிட்டு அதே நடைதான் நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

வெளியே ஈரப்பனி விழுந்துகொண்டிருந்தது. அவன் சுவரில் சாய்ந்து நின்றான்.

"அண்ணி, அண்ணன் அன்னைக்கு எப்படி நடந்தாருன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நாப்பது வருஷம் அவர்கிட்ட நான் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை."

உண்மைதான். உள்ளேயிருந்து ஒரு பெரிய கூச்சல் எழுந்தது. கூரையே ஆடியது. தலாஸ்காரர்கள் கத்துகிறார்கள் என்றான் அவன். நானும் அப்படித்தான் நினைத்தேன். வண்டியைக் கிளப்பச் சொல்லலாம் என்று பார்த்தால், காலிபா முக்காடு இல்லாமல் வெளியே வந்தாள். முப்பத்தைந்து வருடத்தில் அவளைத் தலை மூடாமல் தெருவில் நான் பார்த்ததில்லை.

"ஜெயிச்சுட்டா," என்றாள்.

"முதுகு பட்டுச்சு. நான் பார்த்தேன்."

"பட்டுச்சு. ஜெயிச்சுட்டா."

அவன் என் பக்கம் திரும்பி, இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுங்கள் என்றான். எனக்கும் அந்தச் சந்தேகம்தான். கால் முதுகு முகம் என்று என்னென்னவோ சொன்னாள் காலிபா. கீழே கிடந்தவள் மேலே இருந்தவளை வென்றாள் என்பதை ஒருவர் வந்து சொன்னால் எப்படி நம்புவது? மண்ணில் கிடந்த ஆடு ஓநாயைத் தின்றது என்கிற மாதிரி.

அப்போது புருல் வந்தாள். செருப்பு, மேலே ஒரு கம்பளிச் சட்டை, ஈரத் தலை, ஒரு கண் வீங்கிக்கொண்டிருந்தது. யாரோ அவளிடம் தகப்பன் வெளியே போய்விட்டதைச் சொல்லியிருக்கிறார்கள். அவனுக்கு மூன்று அடி தள்ளி நின்றாள். கையேந்தவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கை?" என்று கேட்டான்.

"சரியா இருக்கு."

"அந்தப் பொண்ணு கை?"

"நீட்டிப் பிடிச்சேன். தட்டிட்டா. விட்டுட்டேன்."

"தட்டின உடனேயா?"

"உடனே. தட்டினப்புறமும் பிடிச்சிருந்தா அது என்ன மல்லுப்பா?"

அவன் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான், வீட்டுக்கு வந்த அந்நிய ஆளைப் பார்க்கிற மாதிரி. பனி இருவர் தலையிலும் விழுந்தது. பிறகு அவள் தோளைப் பிடித்துத் திருப்பினான். கோட்டுக் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவள் முதுகைத் தட்டிவிட்டான். அங்கே மண் ஏது, கூண்டுத் தரை ரப்பர். மேலிருந்து கீழே, இடமிருந்து வலம், ஒரு இடம் விடாமல் தட்டினான். அவள் அசையாமல் நின்றாள்.

"அடுத்த தடவை கேளு," என்றான்.

அடுத்த தடவை ஏப்ரலில் வந்தது. அவள் கேட்டாள், அவன் கொடுத்தான். ஆனால் அரங்குக்குள் வரவில்லை. இன்றுவரைக்கும் வருவதில்லை. வாசலுக்கு வெளியே, அதே சுவரோரம் நின்று, கூச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பான். யாராவது வந்து சொன்னால் தலையாட்டுவான். அவன் எந்த விருந்திலும் அந்த மண் வாக்கியத்தைச் சொல்லி அப்புறம் நான் கேட்கவில்லை. என் கணவரின் கல்லறைக்கு ஒருநாள் தனியாகப் போய்வந்தான் என்று அசான் கிழவர் சொன்னார். நான் அவனிடம் கேட்கவில்லை.

கச்சை இன்னும் அந்தப் பெட்டியில்தான் கிடக்கிறது. பூட்டு மட்டும் இல்லை.

புருலுக்கு இப்போது இருபத்தேழு வயது. பிஷ்கெக்கில் ஹிலோலாவின் ரொட்டிக் கடைக்கு மேலே ஓர் அறையில் குடியிருக்கிறாள். பகலில் தைக்கிறாள், சாயங்காலம் கூடத்துக்குப் போகிறாள். இதுவரை ஏழு சண்டை, ஐந்து வெற்றி. வலது முழங்கை முழுதாக நீளாது.